அம்மாவுக்கு மறதி நோய். பவர் அண்ணன் கையில்

கோவையில் வசிக்கும் 47 வயது வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

பிறந்த வீடு மதுரை வில்லாபுரத்தில். அப்பா 2014-ல் உயில் எழுதாமல் காலமானார். இப்போது 76 வயதாகும் அம்மா, ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை, பென்ஷன் வருகிறது. அம்மா, அண்ணன், வாசகி என மூன்றே வாரிசுகள். வில்லாபுரம் வீடு அப்பா சம்பாதித்து வாங்கியது. அவர் போன பிறகு வீட்டு வரி அம்மா பெயருக்கு மாறியது. செக்கானூரணிப் பக்கம் 40 சென்ட் நிலம், அம்மா தன் பி.எஃப். பணத்தில் வாங்கியது. 2021 ஆகஸ்டில் அம்மா, தன்னோடு இருக்கும் அண்ணனுக்குப் பொது பவர் (தன் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) எழுதிப் பதிவு செய்து கொடுத்தார். 2022 ஜூனில் நரம்பியல் மருத்துவர் அல்சைமர் என்று உறுதி செய்தார். 2023 நவம்பரில் அந்தப் பவரை வைத்து நிலம் வெளியாள் ஒருவருக்குக் கிரயம் ஆனது. 2024 பிப்ரவரியில் வீடு மதினி பெயருக்கு செட்டில்மென்ட் (பணம் வாங்காமல் குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுப்பது) ஆனது. இரண்டிலும் அம்மாவுக்காகக் கையெழுத்துப் போட்டவர் அண்ணன். போன மாதம் வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் வாசகிக்கு எல்லாம் தெரிந்தது.

“கேட்டால், ‘அம்மா வைத்தியத்துக்குத்தான் செலவு பண்ணினேன், கூட இருந்து பார்க்கிறது நானா நீயா’ என்கிறார். கணக்குக் காட்டவில்லை. பதிவான பத்திரம், இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். பெரியப்பா மகனோ, அம்மாவை ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கைரேகை வைத்துப் பவரை ரத்து பண்ணிவிடு என்கிறார். அம்மாவே என்னிடம் ‘என் நகையெல்லாம் இவன் எடுத்துக்கிட்டான்’ என்று அழுகிறார். போலீசுக்குப் போவதா, கோர்ட்டுக்குப் போவதா, அம்மாவை என்னோடு அழைத்து வந்துவிடுவதா?”

சகோதரி, பெரியப்பா மகன் சொன்ன யோசனையை முதலில் கைவிடுங்கள். நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார், ஆனால் உங்கள் வழக்கை முளையிலேயே கிள்ளிவிடும் யோசனை அது. 2023-லும் 2024-லும் அம்மாவுக்குச் சித்த சுவாதீனம் இல்லை, அதனால் அண்ணன் போட்ட பத்திரங்கள் செல்லாது என்பதுதான் நீங்கள் சொல்லப் போகும் வாதம். அதற்குப் பிறகான ஒரு தேதியில் அதே அம்மா ‘பூரண சுயநினைவுடன்’ ரத்துப் பத்திரம் எழுதிக் கொடுத்தார் என்று ஒரு காகிதத்தை நீங்களே உருவாக்கினால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் நீட்டுவார். தவிர, இயலாத நிலையில் இருப்பவரிடம் கைரேகை வாங்கியவர் என்ற பழி உங்கள் மீதும் விழும். அம்மாவின் விரலை இனி யாரும், எந்தக் காகிதத்திலும் வைக்கக் கூடாது.

‘பதிவாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்பதும் சரியல்ல. பதிவு என்பது, இந்தத் தேதியில் இந்த ஆள் இந்தப் பத்திரத்தை எழுதிக் கொடுத்ததாக ஒப்புக்கொண்டார் என்பதற்கான அத்தாட்சி. எழுதிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இருந்ததா என்பதை அது முடிவு செய்துவிடாது. ‘முழு மனதுடனும் பூரண சித்த சுவாதீனத்துடனும் யாருடைய தூண்டுதலும் இன்றி’ என்று பத்திர எழுத்தர் வழக்கமாகச் சேர்க்கும் வரியும் அப்படித்தான். மயக்கத்தில் கிடப்பவருக்கும் அதே வரியைத்தான் எழுதுவார்கள்.

தேதிதான் உங்கள் வழக்கு

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 201-வது பிரிவின்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனத்தை இழந்தாலோ ஏஜென்சி, அதாவது பவர் தந்த அதிகாரம், முடிந்துபோகிறது. கொடுத்தவர் மனநிலை இழந்த பிறகும் தொடரும் பவர் சில வெளிநாடுகளில் உண்டு, நம் நாட்டில் இல்லை. வயதான காலத்தில் உதவட்டும் என்று எழுதி வைக்கும் பவர், அந்த உதவி நிஜமாகவே தேவைப்படும் நாளில் சட்டப்படி உயிரற்றுப் போகிறது. இது தெரியாமல் நல்ல பிள்ளைகளும் பல ஆண்டுகள் பவரைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் அண்ணனும் தெரியாமல் செய்திருக்கலாம். செட்டில்மென்ட் விஷயத்தில் மட்டும் அந்தச் சந்தேகத்தின் பலனை அவருக்குத் தருவது கஷ்டம்.

ஆனால் அல்சைமர் என்று மருத்துவர் எழுதிய நாளிலேயே பவர் செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மனநோய் இருப்பதாகத் தீர்மானிப்பது மட்டுமே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவராக ஆக்கிவிடாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு கேட்பதும் வேறு: அந்த நேரத்தில், அந்தக் காரியத்தைப் புரிந்துகொண்டு, தன் நலனுக்கு அது எப்படிப்பட்டது என்று எடைபோட அவரால் முடிந்ததா? ஆரம்ப நிலை மறதியில் பலரால் முடியும். ஆகவே ஒரு தாளை எடுத்து மூன்று தேதிகளை எழுதுங்கள்: பவர் எழுதிய நாள், நிலம் விற்ற நாள், செட்டில்மென்ட் நாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதற்கு முன்னும் பின்னும் மிக அருகில் உள்ள மருத்துவக் காகிதம் எது என்று குறியுங்கள்.

நினைவாற்றல் பரிசோதனைகளை 30 மதிப்பெண்ணுக்குப் போடுவார்கள். எம்.எம்.எஸ்.இ. அல்லது மோக்கா என்ற பெயரில் சீட்டில் இருக்கும். 2023 அக்டோபரில் 30-க்கு 11 என்று ஒரு சீட்டு இருந்தால், நவம்பர் கிரயத்தைப் பற்றி அது நிறையப் பேசும். நேற்று வாங்கிய சான்றிதழ் அவ்வளவு பேசாது. டோனெப்சில், மெமன்டின் போன்ற மாத்திரைகள் முதலில் எழுதப்பட்ட தேதி, ஸ்கேன் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் சேரட்டும். எல்லாவற்றையும் விட, 2022 ஜூனில் போட்ட முதல் ஓ.பி. சீட்டைத் தேடுங்கள். அதன் மேல்பகுதியில் நோயின் வரலாறு என்று இரண்டு மூன்று வரி இருக்கும்: ‘இத்தனை மாதமாக மறதி, கேட்டதையே திரும்பக் கேட்கிறார், பணம் எண்ணத் தெரியவில்லை.’ அதை மருத்துவரிடம் சொன்னவர் யார்? அன்று கூட்டிப்போனவர், அநேகமாக உங்கள் அண்ணன். அந்த வரியில் ‘இரண்டு வருடமாக’ என்று இருந்தால், 2021 பவரே கேள்விக்குள்ளாகிறது. ‘ஆறு மாதமாக’ என்று இருந்தால், பவர் எழுதியபோது அம்மா தெளிவாக இருந்தார் என்ற அண்ணனின் வாதம் பலப்படும். இரண்டுக்கும் தயாராக இருங்கள்.

வீடு: அம்மாவின் மனநிலையை நிரூபிக்காமலே உங்களுக்கு ஒரு பங்கு

கடிதம் முழுக்க ‘அம்மா வீடு’ என்றே எழுதியிருக்கிறீர்கள். வரி ரசீதோ பட்டாவோ பெயர் மாறியதால் சொத்து மாறிவிடாது. வீடு அப்பாவின் தனிச்சொத்து, அவர் உயில் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி 2014-லேயே அது அம்மா, அண்ணன், நீங்கள் என மூன்று சம பங்காகிவிட்டது. (அப்பாவின் தாயார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.) அம்மா கொடுத்த பவரால் அம்மாவின் மூன்றில் ஒரு பங்கைத்தான் தொட முடியும். உங்கள் பங்கை மதினிக்கு எழுதிக் கொடுக்க அண்ணனுக்கு யாரும் பவர் கொடுக்கவில்லை. ஆக, உங்கள் பங்குக்கான பாகப்பிரிவினை வழக்கை உங்கள் சொந்த உரிமையில் போடலாம்.

ஒன்றை மட்டும் இப்போதே சரிபாருங்கள். அப்பா இறந்த பிறகு ‘வாரிசுச் சான்றிதழுக்கு’ என்று சொல்லி உங்களிடம் எங்காவது கையெழுத்து வாங்கினார்களா? சார்பதிவாளர் அலுவலகம் போய்க் கையெழுத்தும் ரேகையும் வைத்திருந்தால் அது வாரிசுச் சான்று இல்லை, பெரும்பாலும் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். வில்லங்கத்தை 2014-க்கு முன்பிருந்தே போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அம்மாவின் பங்கைப் பொறுத்தவரை செட்டில்மென்டில் இரண்டு ஓட்டை இருக்கிறது. பவர் பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். கிரயம் செய்ய, அடமானம் வைக்க, வாடகை வசூலிக்க என்று மட்டும் இருந்தால், தானமாகவோ செட்டில்மென்டாகவோ கொடுக்க அதிகாரம் கிடையாது. நீதிமன்றங்கள் பவர் பத்திரத்தைக் கறாராகத்தான் படிக்கும், எழுதாத அதிகாரத்தை ஊகித்துச் சேர்க்காது. இரண்டாவது, ஏஜென்ட் தன் எஜமானரின் (பவர் கொடுத்தவரின்) சொத்தைத் தன் மனைவிக்கே எழுதுவது தனக்குத்தானே எழுதிக்கொள்வது போல. நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர் என்பதால், நேர்மையாக நடந்தேன் என்று நிரூபிக்கும் சுமை அவர் பக்கம் போகும்.

நிலம்: இது கொஞ்சம் கடினம்

நிலம் அம்மாவின் சொந்தச் சொத்து. அம்மா இருக்கும்வரை அதில் மகளுக்கும் பங்கில்லை, மகனுக்கும் இல்லை. எனவே ‘என் பங்கை விற்றுவிட்டார்’ என்று நீங்கள் வழக்குப் போட முடியாது. அம்மாவின் பெயரில், அம்மாவுக்காக நீங்கள் நடத்தலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32-வது கட்டளை, 15-வது விதி அதற்கானது. கோர்ட்டில் நெக்ஸ்ட் ஃப்ரெண்ட் என்பார்கள். அம்மாவால் தன் நலனைப் பாதுகாத்துக்கொள்ள முடியவில்லை என்று நீதிமன்றம் விசாரித்துத் திருப்தி அடைந்த பிறகே வழக்கு நகரும்.

வாங்கியவருக்கு ஒரு கேடயம் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 208-வது பிரிவுப்படி, பவர் முடிந்துபோனது மூன்றாம் நபருக்குத் தெரியவரும்வரை அவரைப் பொறுத்தவரை அது முடிந்ததாகாது. அம்மாவின் நோய் அவருக்குத் தெரியாது, நியாயமான விலை கொடுத்தார் என்றால், நிலம் திரும்பக் கிடைப்பது சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரர், மதினியின் உறவினர், அம்மாவை நேரில் பார்த்தவர் என்றால் கதை வேறு. 2021 பவரே அம்மா புரியாத நிலையில் எழுதப்பட்டது என்று நிரூபணமானால் இந்தக் கேடயம் பெரிதாக உதவாது, அதிகாரமே பிறக்கவில்லை என்றாகிவிடும்.

கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்கும்போது இணைப்புகளையும் பாருங்கள். தமிழ்நாட்டில் பவர் ஏஜென்ட் பத்திரம் பதிய வந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவர் தந்த லைஃப் சர்டிபிகேட் கேட்பார்கள். உயிர் இருக்கிறது என்று அது சொல்லும், புத்தி தெளிவாக இருக்கிறதா என்று கேட்பதில்லை. யார் அந்த மருத்துவர், எந்தத் தேதி, அம்மாவைப் பார்த்துத்தான் கொடுத்தாரா, ‘நல்ல மனநிலையில்’ என்று கூடுதலாக ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று கவனியுங்கள். பத்திரத்திலேயே ‘மேற்படி பவர் இன்றுவரை அமலில் உள்ளது’ என்று அண்ணன் உறுதி சொல்லும் வரி பெரும்பாலும் இருக்கும், அதையும் அடிக்கோடிடுங்கள். விலை, வழிகாட்டி மதிப்பு, பணம் எந்தக் காசோலையில் எந்தக் கணக்குக்குப் போனது என்பவை அடுத்து.

நிலம் போனாலும் பணம் போகாது. ஏஜென்ட் வாங்கிய தொகையை எஜமானருக்குக் கொடுக்க வேண்டும், கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும் (பிரிவுகள் 213, 218). பவர் உயிரோடு இருந்தாலும் செத்துவிட்டாலும் இந்தக் கடமை மாறாது.

கணக்குக் கேட்பதும், அம்மா சொல்லும் குற்றச்சாட்டும்

கணக்கைக் கேளுங்கள், நியாயமாகக் கேளுங்கள். அல்சைமர் நோயாளியைப் பகலும் இரவும் பார்ப்பதற்கு ஆள் சம்பளம், டயப்பர், மருந்து, கீழே விழுந்தால் ஆஸ்பத்திரி என்று பணம் கரையும். இதில் பாதிக்கு ரசீதே இருக்காது. ரசீது இல்லாத ஒவ்வொரு ரூபாயையும் திருட்டு என்று எழுதினால் நீதிபதி முகம் சுளிப்பார். மாதாமாதம் பென்ஷன் எவ்வளவு வந்தது, வீட்டுச் செலவு எவ்வளவு இருந்திருக்கும், நிலத்துப் பணம் மொத்தமாக எங்கே போனது என்று பெரிய தொகைகளைப் பிடியுங்கள். வங்கிக் கணக்கு அம்மா, அண்ணன் இருவர் பெயரிலும் இருந்தால் அவர் பணம் எடுத்தது மட்டுமே குற்றமல்ல. நீங்கள் கணக்குதாரர் இல்லை, வங்கி உங்களுக்கு ஸ்டேட்மென்ட் தராது. கோர்ட் மூலம் வரவழைக்கலாம்.

நகை பற்றி அம்மா அழுவதைக் கேட்டு உங்கள் மனம் கொதிப்பது புரிகிறது. ஆனால் ‘என் பொருளை எடுத்துவிட்டார்கள்’ என்ற நம்பிக்கை இந்த நோயில் மிகச் சாதாரணமாக வரும். வைத்த இடம் மறந்துபோகும், கூடவே இருப்பவர் மீதே பழி விழும். அம்மா கோவையில் இருந்திருந்தால் உங்களைச் சொல்லியிருப்பார். அதை வீடியோ எடுத்து உறவினர் குழுவில் போடாதீர்கள். லாக்கர் யார் பெயரில், கடைசியாக யார் எப்போது திறந்தார்கள், அடகுச் சீட்டு உண்டா என்பதை விசாரிப்பதே பயன் தரும்.

எந்தக் கதவைத் தட்டுவது

*முதலில் நோட்டீஸ்.* வக்கீல் மூலம் அண்ணனுக்கும் மதினிக்கும் கணக்குக் கேட்டு, பவரை இனிப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லி, 15 நாள் கெடு கொடுங்கள். நகல்களை வங்கிக்கும் சார்பதிவாளருக்கும் நிலம் வாங்கியவருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சார்பதிவாளர் பதிவை நிறுத்திவிட மாட்டார். ஆனாலும் இனி ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல அவர்களில் யாராலும் முடியாது. இனி நடக்கும் பரிவர்த்தனைகளில் 208-வது பிரிவுக் கேடயத்தை இந்தத் தபால்தான் உடைக்கும், பட்டுவாடா ஆனதற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள்.

*மாவட்டப் பதிவாளர்.* போலிப் பத்திரத்தை அவரே ரத்து செய்வார் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு அதிகாரம் தந்த, பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவு செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024-ல் தீர்ப்பளித்தது. அலைய வேண்டாம்.

*கோட்டாட்சியர்.* 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23-வது பிரிவு பிரபலம். கவனித்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்பது அது. உங்கள் விஷயம் அதில் சரியாகப் பொருந்தாது, அண்ணன் அம்மாவைக் கைவிட்டதாக நீங்களே எழுதவில்லை. உணவோ வைத்தியமோ மறுக்கப்பட்டால் மட்டும் தயங்காமல் மதுரை கோட்டாட்சியரிடம் போங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது.

*உயர்நீதிமன்ற மதுரைக் கிளை.* இனி அம்மாவின் பென்ஷனையும் சொத்தையும் யார் நிர்வகிப்பது என்ற கேள்விக்கு முறையான பதில், நீதிமன்றம் நியமிக்கும் பாதுகாவலர். பழைய 1987-ம் ஆண்டு மனநலச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றமே சொத்துக்கு மேலாளரை நியமிக்க வழி இருந்தது. 2017-ம் ஆண்டுச் சட்டம் அந்த அத்தியாயத்தை விட்டுவிட்டது. ஆட்சியர் அலுவலகத்தில் தரும் காப்பாளர் சான்று ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு போன்றவற்றுக்கானது, முதுமை மறதி அந்தப் பட்டியலில் இல்லை. மிச்சமிருப்பது உயர்நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம். கோமாவில் இருந்தவரின் சொத்தைக் கையாள அவர் மனைவியை 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம் பாதுகாவலராக நியமித்தது. மருத்துவ அறிக்கை, வருவாய்த் துறை அறிக்கை, சொத்துப் பட்டியல், மற்ற வாரிசுகளின் சம்மதம் கேட்பார்கள். அண்ணன் எதிர்த்தால், சர்ச்சைக்குரிய விஷயங்களை உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ளச் சொல்லிவிடவும் கூடும். நீங்கள் இருவரும் சேர்ந்து பாதுகாவலர்களாக, ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்வோம் என்று ஒரு யோசனையோடு போனால் வேலை சுலபம். நோட்டீசுக்குப் பதில் வரும் கட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள்.

*உரிமையியல் வழக்கு.* வீட்டுக்குப் பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் செல்லாது என்ற விளம்புகை (நீதிமன்ற அறிவிப்பு), கணக்கு, மேற்கொண்டு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று தடையாணை. பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழக்குக்குக் காலவரம்பு, விவரம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. உங்களுக்குப் போன மாதம்தான் தெரிந்தது என்றாலும், ‘2023-லேயே இவருக்குத் தெரியும்’ என்பார்கள். தள்ளிப் போடாதீர்கள். உங்கள் பழைய வாட்ஸ்அப் பேச்சையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

*போலீஸ்.* நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல் இரண்டுக்கும் புகார் கொடுக்கலாம். சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன் என்பதால் பழைய தண்டனைச் சட்டத்தின் 406, 420 பிரிவுகள்தான் பொருந்தும். மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். ‘சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்ப முயல்வார்கள், செட்டில்மென்ட் நகல் கையில் இருந்தால் அவ்வளவு எளிதாக முடியாது. ஆனால் இப்போதே வேண்டாம் என்பது என் கருத்து. அண்ணன் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தால் அன்று இரவு அம்மாவுக்குச் சோறு ஊட்டுவது யார் என்பதற்கு உங்களிடம் பதில் இருந்த பிறகு அந்தப் படி ஏறுங்கள்.

அம்மாவைக் கோவைக்கு அழைத்து வருவது பற்றி: சொல்லாமல் கூட்டிவந்தால் கடத்தல் புகார் வரை போகும். பழகிய வீட்டை விட்டு எடுத்தால் இந்த நோயாளிகளுக்குக் குழப்பமும் இரவு அலைச்சலும் கூடுவது வழக்கம், எனவே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மாதம் ஒருமுறையாவது போய் ஒரு வாரம் அம்மாவோடு இருங்கள். அண்ணனுக்கு ஓய்வு, அம்மாவின் நிலை உங்களுக்கு நேரில் தெரியும், மருந்துச் சீட்டுகளையும் போட்டோ எடுக்கலாம்.

வக்கீலைப் பார்க்கப் போகுமுன் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் இரு சொத்துக்கும் வில்லங்கத்தை மறுபடி பாருங்கள், காசு கிடையாது. மதினி பெயருக்கு வந்த வீட்டை வைத்து வங்கிக் கடன் வாங்கியிருந்தால் உரிமை ஆவண ஒப்படைப்பு என்று ஒரு பதிவு வந்திருக்கும். அப்படி இருந்தால் அந்த வங்கியையும் வழக்கில் சேர்க்க வேண்டும், நோட்டீஸ் நகல் அதற்கும் போக வேண்டும்.